சில்லென்ற காது

மாப்ள,

இன்று மதியம் பரீட்சை வேலை முடிந்து நடந்து வரும்போது உன் வீட்டு வாசலில் நின்றேன். வேப்பமரத்தில் உன் மகள் கட்டியிருந்த கிடா வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தது. பங்குனி இன்னும் முடியவில்லை, அதற்குள் இப்படி வெயில். உன்னிடமிருந்து ஒட்டிய பழக்கம், அதன் காதைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டு யாவாரத்தில் நீ நம்பியது காதைத்தான். "ஆட்டுக்கு நம்மள மாதிரி வேர்த்து ஊத்தாது வாத்தியாரே. மூச்சுலயும் காதுலயுந்தான் சூட்டை இறக்கும். வெயில்ல காது சுட்டா பொழைச்சுக்கும். சில்லுன்னா முடிஞ்சுச்சு, வாங்காத" என்பாய். நான் உயிரியல் வாத்தியார், விடுவேனா? காதில் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்தம் அங்கே வந்து சூட்டைக் காற்றில் விட்டுப் போகும் என்று விளக்குவேன். ஒட்டகம் வரைக்கும் இழுப்பேன். "எந்த உடம்பும் பழகிக்கும் மாப்ள" என்று முடிப்பேன். "அம்புட்டும் தெரிஞ்சு ஒரு ஆடு வாங்கத் தெரியலையே!" என்று சிரிப்பாய்.

அந்தச் சித்திரையில் உன்னோடு சந்தைக்கு வந்தேன். அகரம் தாண்டி வண்டி பஞ்சர். உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு போனோம். என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. உன் சட்டை காய்ந்து கிடந்தது.

"வேர்வை நின்னுருச்சு வாத்தியாரே. நீ சொன்ன மாதிரி உடம்பு பழகிருச்சு போல."

நான் பெருமையாகத் தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்.

சந்தையில் நீ ஒரு ஆடும் வாங்கவில்லை. ஒவ்வொரு காதாகத் தொட்டுவிட்டு விலகினாய். "எல்லாம் சில்லுன்னு இருக்கு. எல்லாம் சாகப்போகுது" என்றாய். "என்னப்பு, வெலையக் கொறைக்கப் புது வித்தையா?" என்று ஒரு யாவாரி கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். செத்த நேரத்தில் நீ சரிந்தாய். தாங்கிப் பிடித்தபோது உன் உள்ளங்கை என் கழுத்தில் பட்டது. தோசைக்கல்லாகக் கொதித்தது. ஆடுகளின் காது குளிரவில்லை மாப்ள. உன் கை அவற்றைவிடச் சுட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து 'பழகிக்கும்' என்ற சொல்லை வகுப்பில் நான் உச்சரிப்பதில்லை.

இன்று உன் மகளைக் கூப்பிட்டேன். "இந்தக் காதைத் தொட்டுப் பாரும்மா."

"நல்லா சுடுதே மாமா" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கழுத்தைத் தடவினேன். ஒரு பொட்டு ஈரமில்லை.

என்னை வீட்டுக்குள் இழுத்துப்போய், குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். ஈரத்துணி சுற்றி விசிறியடியில் படுக்கவைத்தாள். டாக்டர் வந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். உனக்கு நான் செய்யாததை உன் மகள் எனக்குச் செய்தாள்.

சாயங்காலம் எழுதுகிறேன். கிடா இன்னும் இரைக்கிறது. சித்திரை முழுதாக பாக்கி இருக்கிறது. கொஞ்சம் முன் அவள் கடைக்குக் கிளம்பினாள். நிறுத்தி, கையை நீட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்த பிறகுதான் விட்டேன்.