சங்க அறையின் நீளப் பெஞ்சு

ஸ்ரீவைகுண்டம் நிருபருக்கு,

நம் பத்திரிகையாளர் சங்கத்தின் நெல்லைக் கிளைக்கு இனி அறை கிடையாது. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். செயலாளர் சிவசங்கரன் இன்று காலை உறுதிப்படுத்தினார். முழங்கால் வலியால் நீர் வராத கூட்டத்தில் எடுத்த முடிவு.

"இனி யாரும் பஸ் ஏறி அலைய வேண்டாம் அண்ணாச்சி. வீட்ல இருந்தே பேசிக்கிடலாம்லா," என்றார் அவர் அந்தக் கூட்டத்தில்.

"பேசுதவங்களுக்குச் சரி வே," என்றார் வள்ளியூர் நிருபர் கோமு. "ஒரே பெஞ்சில உக்காந்து பேசாமலே இருக்குத ரெண்டு பேரு உண்டே. அவங்க போன்ல எப்படிப் பேசாம இருப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

வெள்ளச் செய்தியை யார் முதலில் அனுப்பியது என்ற தகராறில் நாம் பேச்சை விட்டோம். அதன் பிறகும் மாதக் கூட்டத்துக்கு இருவரும் வந்துகொண்டுதான் இருந்தோம். நான் பேப்பரின் வெளித்தாளைப் படித்துவிட்டுப் பெஞ்சின் நடுவில் வைப்பேன். நீர் படித்து முடித்த உள்தாளை அங்கே வைத்துவிட்டு வெளித்தாளை எடுத்துக்கொள்வீர். ஒருமுறை உம் கண்ணாடி உடைந்திருந்தது. என் கண்ணாடியையும் தாளோடு சேர்த்து வைத்தேன். போட்டுப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தீர்.

குழுவில் உம் எண்ணையும் சேர்த்திருக்கிறார்கள். பார்த்தேன். அங்கே எதையும் நடுவில் வைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அறைச் சாவியைக் கட்டிட உரிமையாளரிடம் கொடுக்கிறோம். பெஞ்சை அதுவரை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்று காலை பேப்பர் வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவேன். நீர் வருவது பற்றி இதுவரை தகவல் இல்லை. வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை நிருபர்