‘மிச்சம்’ என்று எழுதிய உறை

ஜூன் 6

என் அன்புள்ள அவருக்கு,

இங்கு நானும் மகளும் சுகம். உங்கள் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் வங்கியில் வரவு செலவு வகுப்பு நடத்துகிறார்கள். சேர்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், இருபதாம் தேதியே பர்ஸைக் கவிழ்த்துத் தட்டுகிறவள் நான்தான். டீச்சர் சொன்னபடி உங்கள் சம்பளம் வந்த அன்றே வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், கரண்ட் என்று தனித்தனி உறையில் பிரித்துப் போட்டேன். எல்லாம் போக மீந்ததை ஐந்தாவது உறையில் போட்டு ‘மிச்சம்’ என்று எழுதினேன். முதல் மாதமே எட்டாயிரம்!

அது நம் வாலுவின் காதுக்கு. செவிப்பறையில் ஓட்டையாம், தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாற்பதாயிரம். ஐந்தே மாதத்தில் சேர்த்துக் காட்டுகிறேன்.

உங்கள்,
புது மாணவி

ஜூன் 24

மாண்புமிகு நிதியமைச்சருக்கு,

என்ஜின் அறையில் எண்ணெய்க் கையோடு உன் கடிதத்தைப் படித்தேன். கெட்டிக்காரி! சும்மா கிடக்கும் அந்த எட்டாயிரத்தை அண்ணனிடம் கொடுத்துவிடு. மரக்கடைக்கு லோடு இறக்க வேண்டுமாம். என்னைப் படிக்க வைத்தவர், அவர் கேட்டு நான் இல்லை என்றதில்லை.

காதெல்லாம் வளர்ந்தால் சரியாகிவிடும். இந்த இரைச்சலில் எனக்கே பாதிக் காதுதான். நான் குடும்பம் நடத்தவில்லையா?

உன்னவன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள அவருக்கு,

கொடுத்தேன். போன மாதம் ஒன்பதாயிரம் மீந்தது என்று பெருமையாக எழுதினேன். அதற்கும் நீங்கள் அதையே சொன்னீர்கள், உங்கள் அண்ணன் வந்து வாங்கிப்போனார். தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்குத்தான் பொருந்தும்.

பள்ளியில் வாலுவை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். அப்படியும் பெயர் வாசித்தால் பக்கத்துப் பெண் இடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. “அம்மா, எல்லாரும் ஏன் மெதுவாவே பேசறாங்க? எம்மேல கோவமா?” என்று கேட்கிறாள்.

டீச்சரிடம் சொன்னேன். “மிச்சம்னு எழுதினா, யாருக்கும் வேண்டாத பணம்னுதான் நினைப்பாங்க. எதுக்குன்னு எழுதுங்க” என்றார். ‘மகள் காது’ என்று எழுதிவிட்டேன். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 19

அமைச்சருக்கு,

உறையில் பெயர் மாற்றினால் பணம் மாறிவிடுமா? நாலு நாள் வகுப்புக்குப் போய் என் அண்ணனுக்கே கணக்குக் காட்டுகிறாய். இந்த ஒரு தடவை மட்டும் கொடு. அவரை வெறுங்கையோடு அனுப்பினால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உன்னவன்

அக்டோபர் 28

வணக்கம்.

உங்கள் அண்ணன் போன மாதம் வந்தார். டீ கொடுத்தேன்.

“தம்பி எழுதலையாம்மா?”

“எழுதினாருங்க. பணத்த ஆஸ்பத்திரியில கட்டியாச்சு.”

டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டும்.

இரண்டு மாத உறையும் என் வளையலும் ஆஸ்பத்திரிக்குப் போயின. மீதிக்குத் தவணை சொல்லியிருக்கிறார்கள். அதை உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கவில்லை. மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், என் சம்பளத்துக்கும் ஓர் உறை இருக்கிறது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நீங்கள் இல்லையே என்று நினைத்தேன். இருந்திருந்தால் போட விட்டிருப்பீர்களா என்றும் நினைத்தேன்.

கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று வாலு சுவரைப் பார்த்து உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து சாதாரணமாகத்தான் கூப்பிட்டேன். “என்னம்மா?” என்று திரும்பினாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

இனி உங்களுக்கு மாதக் கணக்கு எழுத மாட்டேன். வீட்டுக்கு வருவதானால் வாருங்கள். வந்தால் கத்திப் பேச வேண்டாம், அவளுக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா