மிதக்கிற ரேடியோவுக்கு நான் தைத்த தோல் உறை

என் உயிரான சாமு அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அழுகை வந்துவிடும், பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்றைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. உன் மேலும் கோபம்தான். கேட்டுத்தான் ஆகவேண்டும் நீ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மீனவர் சங்கத்தில் கூட்டம். கரையில் உட்கார்ந்து ரேடியோவைக் கவனிக்கிற வேலையிலிருந்து கபூர் பாயை நீக்கப் போகிறார்கள். உன் தோஸ்த் கபூர் பாயைத்தான். நீ ஏரியில் தத்தளித்துக் கூப்பிட்டபோது அவர் தூங்கிவிட்டார், அதனால்தான் நீ செத்துப்போனாய் என்று மனு எழுதியிருக்கிறார்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? என்னுடையது. அதனால் இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டப் போவதில்லை. ஊரே படிக்கட்டும்.

அந்த ரேடியோக்கள் வந்த நாளை நினைத்துப் பார். மலைக்குப் பின்னால் கிடக்கிற நம் ஏரியில் செல்போன் எடுக்காது. நடுத்தண்ணீரில் பரிசல் கவிழ்ந்தால் தொண்டை கிழியக் கத்தினாலும் கரைக்குக் கேட்காது. அதனால்தான் கடலுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கிற மாதிரி வாக்கி-டாக்கி வேண்டும் என்று அலைந்து, அனுமதி வாங்கி, சங்கத்தில் வாங்கினார்கள். ஆறு பரிசலுக்கு ஆறு, கரையில் பாயின் டீக்கடையில் ஒன்று. சொல்லிக்கொடுக்கக் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார்.

அவர் தெளிவாகத்தானே சொன்னார்? "கடல்ல கூப்பிட்டா யாராவது ஒருத்தர் காதுல விழும். ஏரியில அப்படிக் கிடையாது. கரையில ஒரு ஆள் இதே சேனல்ல காத்துக்கிட்டு இருந்தாதான் உண்டு. ரேடியோவ லைஃப் ஜாக்கெட்ல, நெஞ்சு மேல மாட்டுங்க. கவுந்தா கைக்கு எட்டணும். பட்டன அமுக்கி, எந்த மூலையில இருக்கீங்கன்னு மொதல்ல சொல்லுங்க." சொல்லிவிட்டு, கையில் இருந்த ரேடியோவைத் தூக்கி ஏரியில் எறிந்தார். எல்லோரும் "ஐயையோ" என்று கத்தினீர்கள். அது தக்கை மாதிரி மிதந்தது. கண்ணால் பார்த்தோம். பார்த்தும் நம்பினோமா?

நமக்குத்தான் விலை அதிகமான பொருள் என்றால் அதை மூடி வைத்தால்தான் தூக்கம் வரும். டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, சோபாவுக்குக் கடையில் போட்டுக் கொடுத்த கவர், கிழிகிற வரை எடுக்க மாட்டோம். அன்று சாயங்காலமே நீ வந்து நின்றாய். "எஸ்தரு, தண்ணி பட்டா கெட்டுப்பூடும். தோல்ல ஒரு கவர் தெச்சுக் குடேன்."

தைத்தேன். இத்தனை வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் உழைக்கிறவள், என் கைவரிசையைக் காட்ட வேண்டாமா? நல்ல மாட்டுத்தோல் துண்டாகப் பார்த்து எடுத்து, ஷூவுக்குப் போடுகிற கெட்டி நூலில் இரட்டைத் தையல் போட்டேன். உள்ளே மெத்தென்று லைனிங். மூடிக்கு பிரஸ் பட்டன் போதாது, கழன்று தண்ணீரில் விழுந்துவிடும் என்று மேலே ஒரு வார் வைத்து பக்கிளும் போட்டேன். எவ்வளவு புத்திசாலி நான்! ரேடியோ வெளியே வராமல் இருக்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தேன். மற்ற ஐந்து பேரும் எனக்கும் எனக்கும் என்று வந்தார்கள். ஆறு உறை தைத்தேன்.

பாய் ஒருவர்தான் கேட்டார். "ஏம்மா, அவசரத்துக்கு இத எப்படித் தெறக்கிறது? பேஜாரா இருக்கே." நீ என்ன சொன்னாய்? "பாய்க்கு வயித்தெரிச்சல், அவருக்கு மட்டும் கவர் இல்லன்னு." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை உனக்கே சொல்கிறேன், ஏனென்றால் நீ செய்ததைத்தான் சொல்கிறேன். பரிசலில் ஏறும் முன் கரையில் நின்று பாயோடு பேசிப் பார்த்தாய். "பாய், கேக்குதா?" "கேக்குது, சீக்கிரம் வந்துடு, வானம் சரியில்ல." அதற்கப்புறம் ரேடியோவை உறையில் போட்டு, பட்டனை அழுத்தி, வாரை இழுத்து பக்கிளை மாட்டி, பரிசலின் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டாய். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாயா? புழுக்கம் என்று மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாய். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் செய்கிற வேலையா அது?

நாலு மணிக்குக் காற்றும் கோடை மழையும் ஒன்றாக அடித்தன. எதிரே இருக்கிற மலை தெரியவில்லையாம். மழை கொஞ்சம் விட்டதும் பாய் ஓடிவந்து கத்த, பரிசல்காரன் மணியும் மற்றவர்களும் பரிசல்களைத் தள்ளிக்கொண்டு கிழக்கு மூலைக்குப் போனார்கள். நீ எப்போதும் வலை விடுகிற இடம் அதுதான். அன்றைக்குப் பார்த்து நீ மதகுப் பக்கம் போயிருந்தாய். கவிழ்ந்த பரிசலைத் தேடிக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வலை உன் காலில் சுற்றியிருந்தது. மதகு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை உயிரோடு தூக்கியிருப்பார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு பாய் வந்தார். எல்லோர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்தேன். "எங்கண்ணன் கூப்ட்டுக் கூப்ட்டே செத்தான், நீ தூங்கிட்டியே பாவி!" அவர் கையை உதறக்கூட இல்லை. "வர்லம்மா. ஒரு சத்தம் வர்ல. காத்து கெளம்புனதுலருந்து நான்தான் கூப்ட்டுக்கினே இருந்தேன். செட்ட வுட்டு நகர்ந்தா, அந்த நேரம் பார்த்துக் கூப்ட்டுட்டான்னா இன்னா பண்றதுன்னு அங்கயே நின்னேன்." யாரும் நம்பவில்லை. ரேடியோ நல்ல ரேடியோ, காலையில் பேசியது, சாமு கூப்பிடாமலா இருந்திருப்பான் என்றார் சங்கத் தலைவர். எனக்கும் அது சரியாகப் பட்டது. யார் மேலாவது பழி போட்டால்தான் எனக்கு மூச்சே விட முடிந்தது, அண்ணா.

போன வியாழக்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு உன் சாமான்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் அந்த உறை இருந்தது. நனைந்து காய்ந்து கருவாடு மாதிரி முறுக்கிக்கொண்டு இருந்தது. பட்டன் போட்டபடி, பக்கிள் மாட்டியபடி. இரண்டு கையாலும் இழுத்தேன், திறக்கவில்லை. கடைசியில் பக்கவாட்டுத் தையலை பிளேடால் அறுத்துத்தான் ரேடியோவை வெளியே எடுத்தேன்.

அப்புறம்தான் உறையின் மூடியைப் பார்த்தேன். கம்பெனியில் என்னை செக்கிங்கில் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் தோலை ஒதுக்கிவிடுவேன். இது முள், இது மெஷின், இது நகம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். உன் கையில் கொடுத்தபோது அந்தத் தோலில் ஒரு கீறல் இல்லை. இப்போது பக்கிளைச் சுற்றி, வாரின் மேலே, மூடியின் ஓரத்தில், எல்லா இடத்திலும் நகம்.

பாய் சொன்னது சத்தியம். நீ கூப்பிடவில்லை. கவிழ்ந்த பரிசலைப் பிடித்துக்கொண்டு, ஊறிப்போன தோலோடு, நான் போட்ட பக்கிளோடு மல்லுக்கட்டினாய். எவ்வளவு நேரம் அண்ணா? என்னைத் திட்டினாயா? திட்டியிருந்தால் நல்லது.

ரேடியோவை உன் வீட்டு சார்ஜரில் போட்டேன். விளக்கு எரிந்தது, சனியன் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் லீவு போட்டு ஏரிக்குப் போய், கரையின் அந்தக் கோடியில் நின்று பட்டனை அழுத்தினேன். வார்த்தை வரவில்லை, விட்டுவிட்டேன். விட்ட அடுத்த நொடி அதிலிருந்து சத்தம் வந்தது. "யாரு? யாரு அது? எந்த மூலையில இருக்கீங்க?"

ஊரே தூங்குமூஞ்சி என்று சொல்லும் மனுஷன், அண்ணா.

கடைக்குப் போய் உறையை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை. "மூணு மாசம்மா. என் கடைல டீ குடிக்க ஒருத்தன் வர்ல. என் சம்சாரம் தண்ணி புடிக்கப் போனா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை கண்ணு அசந்துட்டேனோன்னு. அவன் கூப்ட்டு நான் வுட்டுட்டேனோன்னு." அவர் குரல் உயர்ந்தது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். "இப்ப வந்து எங்கிட்ட சொல்ற. எனக்கு இன்னாத்துக்கு சொல்ற? என் சட்டையப் புடிச்சது ஊர் முன்னாடி. போ, அங்க போய் சொல்லு."

அவர் மன்னிக்கவில்லை. எதற்கு மன்னிக்க வேண்டும்?

வெளியே வந்தால் மணி பரிசலைத் தள்ளிக்கொண்டிருந்தான். விளிம்பில் நான் தைத்த உறை தொங்குகிறது. கழற்றுடா என்றேன். "இன்னாக்கா நீ, சாமு அண்ணன் ஞாபகமா வெச்சிருக்கேன்" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! "ஞாபகமா? தண்ணியில முக்குடா. முக்கிட்டு, ஒரு கையால பரிசலப் புடிச்சிக்கினு, ஒரு கையால தெறடா பார்க்கலாம்!" முக்கினான். முயன்றான். முகம் மாறியது. "வழுக்குதுக்கா" என்றான். அந்த உறையை அங்கேயே அறுத்துப் போட்டேன். மீதி நாலையும் வீடு வீடாகப் போய் வாங்கி அறுத்தேன். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். இப்போது எல்லாருக்கும் ரேடியோ நெஞ்சு மேல்தான் இருக்கிறது.

விஷயம் தலைவர் காதுக்குப் போய் எனக்கு போன் செய்தார். "போனவன் போய்ட்டான்மா. உன் பேர் எதுக்குக் கெடணும்? பாய மாத்திட்டா பிரச்சினை முடிஞ்சிடும். உறை விஷயத்த வுட்டுடு." எவ்வளவு நல்ல மனசு பார்! ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், சரி சார் என்று சொல்லிவிடலாம் போல எனக்கும் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

அண்ணியிடம் நேற்று சொல்லிவிட்டேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கீறல்கள் மேல் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். போய்விட்டு வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்குப் போகிறேன், அண்ணா. பாயின் முகத்துக்கு நேராக நின்று, என் கையெழுத்தை என் கையால் அடித்துவிட்டு, கபூர் பாய் தூங்கவில்லை, என் அண்ணனைக் கூப்பிடவிடாமல் செய்தது நான் தைத்த உறை என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன். ஆனால் அழமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நான் அழுதால் எல்லோரும் என்னைத் தேற்ற வந்துவிடுவார்கள், அந்த மனுஷனை மறுபடியும் தனியாக நிற்க விட்டுவிடுவார்கள்.

உன்னோடு பிறந்தவள்,
உன் மேல் கோபம் தீராத தங்கை
எஸ்தர்