ஜன்னலில் வைத்த அகல்

அடி அண்ணாமலை
மார்கழி 4

அன்பு மகன் செழியனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ, எழிலரசி, குட்டி மூவரும் சௌக்கியம்தானே? புனேயில் குளிர் ஜாஸ்தி என்றாயே, குட்டிக்குக் காதை மூடிக் குல்லா போடுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. மாடியில் நான் போனில் பேசினால் கீழ்வீட்டுக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்கும்.

தீபத்தன்று கீழ்வீடு எரிந்ததைச் சொன்னேன். நம் குடித்தனக்காரப் பெண் தேவிப்ரியாவின் தையல் மெஷின், பீரோ, ஊரார் கொடுத்த கல்யாணத் துணி, ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று மதியம் வரை ஜாக்கெட்டுகளை இஸ்திரி போட்டுவிட்டு, அவசரமாகக் கீழ்பென்னாத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்ததால்தான் தீ என்று அவளே நம்புகிறாள். அப்பாவும் தெரு முழுக்க அதையே சொல்லி வைத்திருக்கிறார்.

செழியா, அது இஸ்திரிப் பெட்டி இல்லை, நான்தான். மலையில் தீபம் தெரிந்ததும் நம் வாசலில் விளக்கு வைத்தேன். பூட்டிக் கிடக்கிற அவள் வீடு மட்டும் நல்ல நாளில் இருட்டாக இருக்கக் கூடாதே என்று, திறந்திருந்த அவள் ஜன்னல் கட்டையிலும் ஒரு அகலை வைத்துவிட்டு மாடிக்கு ஓடி அரோகரா போட்டேன். காற்றில் திரைச்சீலை அதன்மேல் பறக்கும் என்று யார் கண்டது? மறுநாள் சாம்பலில் கிடந்த அகலை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். அப்பாவுக்கும் தெரியாது. பாவி நான்.

உன்னோடு படித்த மணி இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஆடி மாதம் வந்து, "திடீர்னு வீடு எரிஞ்சா என்னம்மா பண்ணுவீங்க? கட்டடத்துக்கு நீங்க பாலிசி போடுங்க, கீழ இருக்கிறவங்க அவங்க சாமானுக்குப் போடட்டும், ரெண்டும் வேற வேற"னு படித்துப் படித்துச் சொன்னான். "விளக்கு வைக்கிற நேரத்துல இது என்னடா பேச்சு, எழுந்து போ"னு விரட்டினேன். "மலையே காவல் இருக்குது, பாலிசி எதுக்கும்மா"னு தேவிப்ரியாவும் சிரித்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவளுக்கு மெஷின் வந்திருக்கும், நமக்குச் சுவரைச் சரிபண்ணப் பணம் வந்திருக்கும், எனக்கும் உண்மையைச் சொல்ல வாய் வந்திருக்கும். நஷ்டம் நம் தலையில் விடியுமே என்ற பயம்தானே என் வாயை அடைத்தது.

தினமும் காலையில் மாடி ஏறி வந்து, "உங்க வீட்டைக் கொளுத்திட்டனேம்மா, மன்னிச்சிடுங்க"னு அழுகிறாள். கரி பிடித்த சுவரைத் தானே சுரண்டுகிறாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிற்கிறேன். சொன்னால் அவளுக்கு ஈடு கொடுக்க வழியில்லை, சொல்லாவிட்டால் சோறு இறங்கவில்லை. புனேக்கு வந்துவிடு என்கிறாய், இதை விட்டு எப்படி வருவேன்? தை பிறந்ததும் காலி பண்ணுகிறாளாம். இனிமேல் யாரிடம் போய் வாடகைக்கு வீடு கேட்பேன் என்கிறாள்.

நீ வாடகை வீட்டில்தானே இருக்கிறோம் என்று சும்மா இருந்துவிடாதே. வீட்டுக்காரர் பாலிசி அவர் சுவருக்குத்தான், உன் கட்டிலுக்கும் டிவிக்கும் இல்லை. இந்த வாரமே போட்டுவிடு. எழிலரசியிடம் நான் சொன்னதாகச் சொல், நீ மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

அவள் காதில் விழக் கூடாது என்றுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுதி முடித்தபின் மனசு கேட்கவில்லை. தபால் பெட்டிப் பக்கம் தேவிப்ரியாதான் போகிறாள். உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்து, "படிச்சிட்டு ஒட்டிப் போடும்மா"னு சொல்லப் போகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால், அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
சரோஜா