ஈரல் சாறு சேர்த்த தட்டுகள்

மார்ச் 4
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தே தேநீர் குடித்தேன். மகள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். அவள் கம்பெனியில் என்னுடைய இந்தக் கைநடுக்க நோய்க்குத்தான் புது மருந்து தயாராகிறது. அது மரபணுவைக் கெடுக்குமா என்று சோதிப்பது அவள் வேலை. தேறிவிட்டால் அடுத்த வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். என் பெயரையும் சேர்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர்.

மார்ச் 9
மகளிடம் பாடம் கேட்டேன். ஒரு சத்தைத் தானாகத் தயாரிக்கத் தெரியாத பாக்டீரியாவை அந்தச் சத்தே இல்லாத தட்டில் விடுகிறார்கள். மருந்து அதன் மரபணுவை மாற்றினால் பிழைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வளருமாம். யாருமே சாப்பாடு கொண்டுவராத வகுப்பு என்று வைத்துக்கொண்டேன். எப்படியும் ஓரிரண்டு வாய் அசையலாம்; மருந்தே போடாத தட்டிலும் சில புள்ளிகள் வருமாம். பாதி வகுப்பு மென்றால், யாரோ உள்ளே புகுந்து ஊட்டியிருக்கிறார்கள், அதுதான் மருந்து.
"எங்க மேனேஜருக்கும் நீயே கிளாஸ் எடும்மா" என்று சிரித்தாள்.

மார்ச் 17
மருந்து போட்ட தட்டுகளில் புள்ளிகள் அதிகம். கரையாத மருந்துத் துகளையும் மெஷின் எண்ணியிருக்கும் என்கிறார் மேனேஜர். வெறும் துகளாகவே இருக்கட்டும்.

மார்ச் 20
கையால் எண்ணிவிட்டாள். துகள் என்றால் மருந்து போட்ட எல்லாத் தட்டிலும் இருக்கவேண்டும். உடம்புக்குள் மருந்து என்ன ஆகும் என்று பார்க்கச் சில தட்டுகளில் ஈரல் சாறும் சேர்ப்பார்களாம். அந்தத் தட்டுகளில் மட்டும்தான் கூடுதல். மருந்தை ஈரல் உடைக்கும்போதுதான் வினை.
"இன்னொரு தரம் எண்ணிப் பாரேன்டி."
"மூணு தரம் எண்ணிட்டேன். மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்றியா, டீச்சரம்மா?"
முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவளிடம்! கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குன்னு ஒண்ணு வர்றப்ப இவ கையாலயா தட்டிவிடணும்?

மார்ச் 21
காலையில் அவள் கண் வீங்கியிருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை — மூன்று தடவையும் என்னை நினைத்துக்கொண்டுதானே எண்ணியிருப்பாள்?

மார்ச் 28
அந்த மருந்தைக் கைவிட்டார்கள். கொடுத்திருந்தால் கேள்வி கேட்காமல் விழுங்கியிருப்பேன். என்னோடு இன்னும் எத்தனை பேரோ. தப்பித்தது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அவர்களுக்கும் சேர்த்து நானே மகளுக்கு நன்றி சொன்னேன்.
"சும்மா இரும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவம்பர் 12
மருந்தில் ஈரல் உடைக்கும் பகுதியை மட்டும் மாற்றி வேறொன்று செய்திருக்கிறார்கள். ஈரல் சாறோடு அதைப் போட்ட தட்டில் இருபத்தொரு புள்ளி. மருந்தே போடாத தட்டில் இருபத்துமூன்று. இன்னும் பல சோதனைகள் பாக்கி. என் காலத்துக்குள் வருமோ, வராதோ.
இன்று என் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். முதல் தடவையாக, போடட்டும் என்று நின்றேன்.