பூட்டாத வரிக்குச் சாவி தேடினேன், தினேஷ்

என் திருட்டுத்தனமெல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத தினேஷுக்கு,

நம் கர்னல் நேற்று உன் லேப்டாப்பில் ஒழுங்காக ஏறிவிட்டது. ஐந்தாம் படிவப் பாடத்தை விட்டுவிட்டு நாம் எழுதிய குட்டி இயங்குதளத்தின் கரு. பார்க்க நீ இல்லை. டெங்கிக் காய்ச்சல் முந்திக்கொண்டது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் அம்மா கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கே வந்தார். லேப்டாப்பை மேசையில் வைத்தார்.

"உள்ள எனக்கு என்னமோ எழுதி வச்சிருக்கானாம். கர்னல் ஏறுனா தெரியும்னு சொன்னான். படிச்சுச் சொல்லு. வீட்டுக்கு வர வேணாம், போன்ல சொன்னா போதும்."

ஆன்டி உங்கள் வீட்டுத் தீபாவளி ஓபன் ஹவுஸ் விருந்துப் பாயசத்தை இன்னும் மறக்கவில்லை. சர்க்கரை டப்பாவில் உப்பை மாற்றி வைத்தது நான், பார்த்துச் சிரித்தது நீ. நான் இல்லையென்று சாதித்தும் அவர் நம்பவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஆன்டி நினைத்துக்கொண்டுதான் இருந்தார், கையில் செருப்போடு.

கர்னலை மெமரியில் ஏற்றும் லோடர் உன் வேலை, கர்னல் என் வேலை. அம்மாவுக்கு எழுதிய வரியை நீ லோடருக்குள் சுருக்கி வைத்திருந்தாய்; மெமரிக்குப் போனால்தான் விரியும். ஏற்றினேன். திரை முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியும்.

நாம் ஒரு மெசேஜாவது நேராக அனுப்பியிருக்கிறோமா? எழுத்துகளைக் கலைத்துத்தானே அனுப்புவோம், கண்டுபிடிக்காதவன் ரொட்டி சானாய் வாங்கித் தரணும். இதுவும் உன் சேட்டை என்றே நினைத்தேன். உன் பிறந்தநாள், உன் பூனை பெயர், எல்லாவற்றையும் சாவியாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம்!

ஆன்டி போன் பண்ணிக்கொண்டே இருந்தார். "படிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல ஆன்டி."

"ரெண்டு பேரும் சேந்து என்கிட்ட விளையாடுறீங்களா?"

ரெண்டு பேரும் என்றார். மறுபடி சாவி தேட உட்கார்ந்தேன்.

நேற்றுதான் என் நிரலையே திரும்பப் படித்தேன். உன் லேப்டாப் சிப்புக்கு மெமரியைப் பூட்டி வைக்கும் வசதி உண்டல்லவா? மெமரியின் ஒரு பக்கத்துக்கான முகவரிக் குறிப்பில் பிட் என்ற ஒற்றைக் குறியை வைத்தால், எழுதும்போது கலைத்துப் பூட்டும், படிக்கும்போது திறக்கும். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி எல்லாப் பக்கத்துக்கும் வைத்திருந்தேன். உன் லோடரோ அதற்கு முன்பே வரியைப் பூட்டாமல் வைத்துவிட்டுப் போயிருந்தது. பூட்டாததைத் திறக்கப் போனால் குப்பைதானே வரும்? பூட் ஆவதற்குள் பூட்டிய மடையன் நான்தான். நீ எதையும் கலைக்கவே இல்லை.

அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பிட்டை எடுத்தேன். ஆங்கில எழுத்தில் உன் தமிழ் வந்தது.

"அம்மா, பாயசத்துல உப்பு போட்டது கவின் இல்ல. நான்தான். அவன வீட்டுக்கு வரச் சொல்லு."

வாழ்நாளில் நீ நேராக எழுதிய ஒரே வரி, அதுவும் பொய். ஏன்டா?

போனில் படித்துக் காட்டினேன். "அந்தப் பயலா?" என்று ஆன்டி சிரித்தார். நீ போன பிறகு அதுவரை அந்தச் சிரிப்பை நான் கேட்கவேயில்லை. "ஞாயித்துக்கிழம சாப்பிட வா லா. பாயசம் வைக்கிறேன்."

கொமியூட்டர் ரயில் ஏறிப் போவேன். முதல் கரண்டி வாயில் படுவதற்கு முன்னால், உப்புப் போட்டது நான் என்று சொல்லிவிடுவேன். துரத்தினால் கேட்டுக்கு வெளியே நிற்பேன். உன் வரியை மட்டும் லோடரிலிருந்து எடுக்க மாட்டேன்டா.

தன் திட்டைத் தானே வாங்கப் போகும் உன் மச்சான்,
கவின்