சாவிப்பெட்டியில் பசை

மாலகா, மார்ச் 11

அன்பு மகள் நூரியாவுக்கு,

இங்கே மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடுகிறோம், அந்த டப்ளின் மழையில் நீயும் காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் பெரியப்பா சாகும்போது நமக்கு விட்டுப்போன வீட்டு வாசலில், வாடகைக்கு வந்த சுற்றுலா ஜோடி ஒன்று உள்ளே போக முடியாமல் நின்றது. சாவி வைக்கிற அந்தச் சின்ன நம்பர்ப் பெட்டியில் யாரோ பசையை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். மேலே ஒரு தாள், 'இங்கே ஒரு குடும்பம் குடியிருக்கலாமே' என்று. எந்தப் பொறுக்கிப் பய செஞ்சானோ அவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம விடமாட்டேன் என்று உன் அப்பா குதித்தார். எதிர் ரொட்டிக்கடைக்காரர் வேறு, எங்க கடை கேமராவுல உங்க வாசல் தெரியும், திங்கக்கிழமை வாங்க, போட்டுக் காட்டுறேன் என்றார். அன்று மதியம் துவைக்க எடுத்த உன் தம்பி எலோயின் கால்சட்டைப் பையில் பசைக் குழாய் இருந்தது. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை அம்மாடி. இருபத்திரண்டு வயதில் தபால் ஆபீசுக்கு நான் ஒரே ஒரு தேர்வு எழுதினேன், ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியிலிருந்து யாரும் என்னை எழுப்பவில்லை. இவன் பொறியியலில் இரண்டு பட்டம் வாங்கிவிட்டு ஓட்டலில் தட்டுத் தூக்குகிறான், அதுவும் நாலு மாத ஒப்பந்தம். முப்பத்திரண்டு வயதாகிறது, பத்து வயதில் வாங்கிக்கொடுத்த கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறான். நாங்கல்லாம் ஒழைச்சு வந்தவங்கடா என்று அப்பா ஆரம்பித்தால், ஒங்களுக்கு வேலையும் கெடச்சுது வீடும் கெடச்சுது, எங்களுக்குக் கெடச்சது இந்த அட்வைஸ்தாம்ப்பா என்கிறான். அந்த வாடகையில்தானே உன்னைப் படிக்கவைத்தோம், அப்பாவையும் எப்படிக் குறை சொல்வேன். என் பயமெல்லாம் ஒன்றுதான். கேமராவில் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தை விடுவார், அதைக் கேட்டு இவன் கிளம்பிவிடுவான். பரண்மேல் இருந்த பயணப்பெட்டி இப்போது அவன் கட்டிலுக்கடியில் இருக்கிறது. நீ போகும்முன்னும் இப்படித்தான் ஒரு பெட்டி கீழே இறங்கியது.

ஞாயிறு மதியம் பயறும் தொத்திறைச்சியும் பரிமாறும்போது சொல்லிவிட்டேன், பசை ஊத்துனது நான்தான் என்று. ஒனக்கென்னடி பைத்தியமா, நம்ம பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுவியா என்றார் உன் அப்பா. எம்புள்ளைக்கு இல்லாத வீட்டுக்கு எவனுக்குச் சாவி என்றேன். என் வாயில் இப்படி வரும் என்று எனக்கே தெரியாது. எலோய் தலை நிமிரவே இல்லை, பசை காய்ந்த விரல்களை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டான். திங்களன்று உன் அப்பா ரொட்டிக்கடைக்குப் போகவில்லை. நான் சொன்னதை நம்பினாரா, நம்பியதுபோல் இருக்கிறாரா, தெரியவில்லை. ஆனால் அந்தச் சாவிப்பெட்டியை உடைத்துக் கழற்றி, சாவியைக் கொண்டுவந்து சமையலறை ஆணியில் மாட்டிவிட்டார். எடுத்துக்கொள்ளடா என்று எலோயிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, வேண்டாம் என்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கார்மென் மாதா உன்னைக் காக்கட்டும். அப்பா கேட்டால், பசை ஊத்துனதை அம்மா எங்கிட்ட முன்னாடியே சொன்னாங்க என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. தம்பிக்கு அங்கே வர இப்போதைக்கு டிக்கெட் போடாதே. தினமும் காலையில் அவன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறேன். இன்றும் பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. சாவியும் ஆணியில்தான் இருக்கிறது.

உன் அம்மா
ரெமேதியோஸ்